சொல்தாவும் ஹவில்தாரும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் வாசல் வருஷத்தில் பெரும்பாலான நாள் அடைத்தே கிடக்கும். ஊர் பார்க்க வருகிறவர்கள் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு காந்தி சிலைப் பக்கம் நடந்துவிடுவார்கள். ஜூலை 14 அன்று அது திறக்கும். முந்தின நாள் சாயங்காலமே கையில் விளக்கோடு ஓர் ஊர்வலம் போகும். மறுநாள் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து வந்து மலர்வளையம் வைப்பார்கள், எங்கள் அரசின் சார்பிலும் வைப்பார்கள், இரண்டு நாட்டுக் கீதமும் ஒலிக்கும். கோட்டில் பதக்கம் குத்திய கிழவர்கள் விறைப்பாக நிற்பார்கள். நான் பையனாக இருந்த நாளில் அந்த வரிசை நீளமாக இருந்தது. இப்போது சிலரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பலருக்குப் பதிலாக அவர்கள் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பியவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். படைவீரனுக்குப் பிரெஞ்சில் உள்ள பேர்தான், எங்கள் நாக்கில் புரண்டு புரண்டு தமிழாகவே ஆகிவிட்டது. சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா பொண்ணு என்று எல்லாம் உண்டு. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு ஒரு சொல்தா வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தாத்தாவுக்கு வயது அப்போதே அறுபதை நெருங்கியிருக்கும். இந்தோசீனாவில் இருந்தவர், பிறகு அல்ஜீரியாவுக்கும் போனவர்.

அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் துணிக்குள் துணி சுற்றி வைத்த காகிதங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திறப்பார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்ப வேண்டும், அப்போதுதான் பென்ஷன் தொடர்ந்து வரும். ‘செர்த்திபிக்கா’ என்பார் அதை. சலவைச் சட்டை, கோட்டு, பாலிஷ் போட்ட பூட்ஸ் என்று கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்புவார். கண் சரியாகத் தெரியாததால் என்னைத் துணைக்குக் கூட்டிப் போவார். ஒருமுறை திரும்பி வரும்போது சொன்னார்: “நான் உசுரோட இருக்கேன்னு நானே போயி காட்டணும் தம்பி. அங்க சண்டையில கெடந்தப்ப ஒருத்தனும் கேக்கல.”

எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு படித்துத்தான் புரிந்தது.

அவர் வியட்நாமில் இருந்தபோதுதான் ஊரில் கொடி மாறியது. 1954 மே 7-ஆம் தேதி தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதே வருஷம் அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி. எழுதிக் கொடுத்தவர்களை ‘ஒப்ஷன் எடுத்தவங்க’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். சொல்தா தாத்தா எடுத்தார். ஆகவே அவருக்குப் பென்ஷன் பிராங்கில் வந்தது, மாடி கட்டினார், பெண்களைக் கரைசேர்த்தார். தெருவில் அவர் மேல் கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மை.

ஒரு காலனியின் பிள்ளையை இன்னொரு காலனியின் பிள்ளை மேல் சுடச் சொல்லி அனுப்பிய அரசு, காசில் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்று அச்சடித்த அரசு. தாத்தா அல்ஜீரியாவில் இருந்த காலம் முழுக்க அங்கே நடந்ததற்குப் போர் என்ற பேரே அந்த அரசு கொடுக்கவில்லை. ஒழுங்கு காக்கும் நடவடிக்கை என்றது. அல்ஜீரியா அவர்களுடைய மாகாணமாம், சொந்த மாகாணத்தில் எப்படிப் போர் நடக்கும்? 1962-இல் எல்லாம் முடிந்து அல்ஜீரியா தனி நாடானது. அதற்குப் பிறகும் 37 வருஷம் கழித்து, 1999 அக்டோபர் 18-ஆம் தேதிச் சட்டத்தில்தான் ‘அல்ஜீரியப் போர்’ என்ற சொல்லை பிரான்சு எழுதியது. சொல்தா தாத்தா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார். அவர் போனது போருக்குத்தான் என்று அவரை அனுப்பிய அரசு ஒத்துக்கொண்டதைக் கேட்க அவர் இல்லை.

இன்னொன்றும் அப்படித்தான். 1959 டிசம்பரில் பிரான்சு ஒரு நிதிச் சட்டம் போட்டது. பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்து விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களுக்கு ஓய்வூதியம் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். விலைவாசி ஏறும், அவர்கள் பணம் ஏறாது. ஒரே பதுங்குகுழியில் கிடந்த இரண்டு பேரில் ஒருவனுக்குப் பிரெஞ்சுக்காரன் விலை, மற்றவனுக்கு ஆப்பிரிக்காக்காரன் விலை. 2006-இல் ரஷீத் புஷாரெப் என்ற இயக்குநர் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார். அதைப் பார்த்து நாடு வெட்கப்பட்ட பிறகு அதிபர் சிராக் ஒரு பகுதியை உயர்த்தினார். முழுச் சமநிலை வர 2010 மே 28-இல் அரசியலமைப்புக் கழகம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது வருஷத்தில் எத்தனை பேர் உறைந்த பென்ஷனோடு செத்துப்போனார்களோ. அந்த ஐம்பது வருஷமும் ஜூலை 14-க்கு மலர்வளையம் தவறவில்லை.

அந்நிய அரசு அப்படித்தான் இருக்கும் என்று இதையெல்லாம் தள்ளிவிட்டுப் போகலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தெருவில் ஹவில்தார் மாமா குடிவந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அவர் பாகூர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் இந்தியப் படையில் சேர்ந்து, பணி முடிந்து வந்து, சொல்தா வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன வீடு வாங்கினார். 1987-இல் இலங்கைக்குப் போன அமைதி காக்கும் படையில் இருந்தவர். அந்தப் பேரைக் கவனியுங்கள். அல்ஜீரியாவுக்கு ‘ஒழுங்கு’, யாழ்ப்பாணத்துக்கு ‘அமைதி’. 1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் நம் படை தமிழர் வீதிகளில் விடுதலைப் புலிகளோடு போர் செய்துகொண்டிருந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் சுடப்பட்டு இறந்தார்கள். இந்தியப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஈழத்தில் அந்த இரண்டரை வருஷத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார். தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. என் கோபம் வேறிடத்தில். அனுப்பியவர்கள் யாரும் அந்தப் பழியைச் சுமக்கவில்லை. பழியும் சாவும் போனவன் தலையில்.

ஹவில்தார் மாமா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒருமுறை, மழை நாளில், கரண்ட் போயிருந்தபோது சொன்னார்: “அங்க ஒரு வீட்டுல பாட்டி ஒருத்தங்க என்னைப் பாத்து, ‘தம்பி, நீங்க தமிழோ’ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவர் பென்ஷன் கதைக்கு வருகிறேன். எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற முறையை 1973-இல் மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி இந்திரா காந்தி அரசு எடுத்துவிட்டது. வங்கதேசப் போரில் ஜெயித்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. அதிலிருந்து நாற்பது வருஷம் எல்லாக் கட்சியும் மேடையில் ‘ஜெய் ஜவான்’ என்றது, ஆட்சிக்கு வந்ததும் கமிட்டி போட்டது. 2011-இல் கோஷியாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு கொடுத்துவிடுங்கள் என்றது. 2013 செப்டம்பரில் ரேவாரியில் முன்னாள் வீரர்களைக் கூட்டி நரேந்திர மோடி அதைப் பற்றிப் பேசினார். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், ப. சிதம்பரம் 500 கோடி ஒதுக்கினார். ஆட்சி மாறியது, ஒரு வருஷம் போனது, வரவில்லை. 2015 ஜூன் 15 முதல் கிழவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14-ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று போலீசார் அவர்களை இழுத்து அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். பதக்கம் குத்திய நெஞ்சும் கிழிந்த சட்டையுமாக ஒரு முதியவர் நிற்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஹவில்தார் மாமா அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறார். செப்டம்பர் 5-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அறிவித்தார், ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் சமன் செய்வோம் என்ற நிபந்தனையோடு. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அரசின் முறை செல்லும் என்றது, அடுத்த வருஷம் அதே நீதிமன்றம் நிலுவையை எப்போது கொடுப்பீர்கள் என்று தேதி குறிக்க வேண்டியிருந்தது.

நிலுவை வந்தது, வாங்கினார், அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் மாதப் பென்ஷன் மட்டும் நாடு முழுக்க 58,000-க்கும் மேற்பட்ட படை ஓய்வூதியர்களுக்கு மாதக் கடைசியில் வரவில்லை. உயிரோடிருக்கும் சான்று கணினியில் ஏறவில்லை என்பது காரணம். நாலைந்து நாளில் சரிசெய்து போட்டார்கள். அந்த நாலைந்து நாள் மருந்துக் கடைக்குப் போகாமல் இருந்த கிழவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

அதே வருஷம் ஜூன் 14-இல் படைக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. பதினேழரை வயது முதல் சேரலாம், நாலு வருஷம் வேலை. நூற்றுக்கு 25 பேர் வரை தங்கலாம், மிச்சம் பேர் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. முதலில் சேர்ந்த பையன்கள் 2026 கடைசியிலிருந்து ஊர் திரும்பத் தொடங்க வேண்டும். ‘பென்ஷன் தகராறே இனிமே வராது இல்ல’ என்று மாமா சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீரன் இருக்கும்போது இப்படி. மேடைக்கு மட்டும் அவன் படம் வேண்டும். 2019 மார்ச் 9-இல் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிக்கும் எழுதியது: படைவீரர் படங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சரியாக ஒரு மாதம் கழித்து லத்தூரில் பிரதமர், முதல்முறை வாக்களிக்கிறவர்கள் தங்கள் வாக்கை பாலகோட்டில் தாக்குதல் நடத்திய விமானப் படைக்கும் புல்வாமா தியாகிகளுக்கும் அர்ப்பணிக்கலாமே என்று கேட்டார். ஆணையம் பிறகு அதில் விதிமீறல் இல்லை என்றது. அதே ஏப்ரலில் 150-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள், தளபதிகள் சிலர் உட்பட, படையை அரசியலுக்கு இழுக்காதீர்கள் என்று குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

தியன் பியன் பூ விழுந்த செய்தி சொல்தா தாத்தா வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவர் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரேடியோ வைத்திருந்த வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பொம்பளைகள் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம், ஒருத்தியும் பேசவில்லையாம். கடிதம் வர ஒன்றரை மாதம். போர் என்றால் அந்தத் தெருவுக்கு அந்த மௌனம்தான்.

2025 மே 7 முதல் 10 வரை எங்கள் தெரு மௌனமாக இல்லை. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற கொடுமைக்குப் பதிலாகப் பாகிஸ்தான் மேல் இந்தியா தாக்குதல் நடத்திய நாட்கள் அவை. யாருக்கும் தூக்கமில்லை, எல்லார் கையிலும் கைப்பேசி. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று பெரிய தொலைக்காட்சிகளே சொல்லின, அது நடக்கவே இல்லை. பழைய சண்டைக் காட்சிகளும் கணினி விளையாட்டுக் காட்சிகளும் போர்ப் படமாகச் சுற்றின. ஹவில்தார் மாமா மட்டும் டிவியை நிறுத்திவிட்டார். “எல்லையில இருக்கிறவன் பொண்டாட்டி இதையெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருப்பா” என்றார்.

அந்த நாட்களை ஒட்டி நடந்த மூன்றை நான் மறக்கமாட்டேன். பஹல்காமில் கொல்லப்பட்ட கடற்படை அதிகாரிக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் மனைவி, முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம், அமைதிதான் வேண்டும் என்றார். கணவன் பிணத்தருகே அவர் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பகிர்ந்து அழுதது. அவர் வாயைத் திறந்ததும் அதே கைகள் அவரைக் கேவலமாக ஏசின. தேசிய மகளிர் ஆணையமே கண்டிக்க வேண்டி வந்தது. மே 10-இல் சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் மகளையும் ஏசினார்கள், அவர் தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொண்டார். செய்தியாளர் சந்திப்பில் படையின் குரலாக நின்ற கர்னல் சோபியா குரேஷியைக் குறித்து மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா மேடையில் பேசியதை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. மே 14-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவர் மேல் வழக்குப் பதியச் சொன்னது. வீரர்களைப் போற்றுவதாகச் சொல்லும் கட்சியின் அமைச்சர், பதவியில் இருந்துகொண்டே, சீருடையில் இருந்த ஒரு பெண்ணை.

அதே மே 8-இல், இந்தியாவில் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டிருப்பதாக எக்ஸ் நிறுவனம் வெளியே சொன்னது. சில செய்தி நிறுவனங்களின் கணக்குகளும் அதில் அடக்கம். அரசு நினைத்தால் அவ்வளவு வேகமாக முடக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த விதவைப் பெண்ணை ஏசியவர்கள் விஷயத்தில் அந்த வேகத்தை நான் பார்க்கவில்லை.

இணையத்தில் மக்களைக் காப்போம் என்ற பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அதன் இரண்டு முகத்தையும் இரண்டு ஆட்சியில் நாங்கள் பார்த்தோம். அதற்கு முன்னால் பழைய கதை ஒன்று.

1908-இல் பாரதி பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். அவர்களைக் கண்காணிக்கப் பிரிட்டிஷ் அரசு இங்கே ஒற்றர் கூட்டத்தையே வைத்தது. தபால் பிரிக்கப்பட்டது, வீட்டு வாசலில் ஆள் நின்றான். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒருநாள் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டறிக்கைகள். வெளியே இருந்து யாரோ போட்டது. நாமே பிரெஞ்சுப் போலீசிடம் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். சோதனை போட அரவிந்தர் வீட்டுக்கு வந்த நீதிபதி நந்தோ, லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பினார் என்பார்கள். பிரான்சுக்குச் சொந்த லாபம் இருந்திருக்கும், பிரிட்டிஷ்காரனோடு பழைய பகை. எப்படியோ, அன்று இந்த ஊரின் எல்லைக்கோடு எழுதுகிறவனைக் காத்தது. 1918 நவம்பரில் அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே பாரதியைக் கடலூரில் கைது செய்தார்கள்.

2012 அக்டோபர் 30. புதுவையில் சிறுதொழில் செய்யும் ஒருவரை விடியற்காலையில் வீட்டுக்கு வந்து போலீசார் பிடித்தார்கள். அப்போதைய ஒன்றிய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரம் சொத்துச் சேர்த்துவிட்டார் என்பதுபோல் ட்விட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அன்று 16 பேர். கார்த்தி புகார் கொடுத்தார், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பாய்ந்தது. நிரூபணமானால் மூன்று வருஷம் வரை சிறை. இணையத்தில் மக்களுக்குத் தொந்தரவு வராமல் தடுக்க என்று சொல்லிக் கொண்டுவந்த பிரிவு அது. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது.

2021. ஆட்சி வேறு, சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது. எங்கள் ஊர் வாக்காளர் கைப்பேசிகளுக்குப் பாரதிய ஜனதா சார்பில் குறுஞ்செய்தி வந்தது, அவரவர் வாக்குச்சாவடிக்கென்று அமைத்த வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுவைத் தலைவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி வந்திருக்கிறது என்பது மனுவின் சாரம். கட்சி மறுத்தது, தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்றது. தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி அமர்வு இது நம்பத்தக்க குற்றச்சாட்டு என்று கருதி ஆதார் ஆணையத்தைப் பதில் சொல்லச் சொன்னது. ஏப்ரல் 6-இல் வாக்குப்பதிவு முடிந்தது. எங்கள் தெருவில் எந்தத் தொண்டரும் வந்து நம்பர் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஹவில்தார் மாமாவுக்கும் அந்தச் செய்தி வந்தது, அவர் ஆதாரில் கொடுத்த எண்ணுக்கு.

2015-இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் நின்று, இந்தியக் குடிமகனுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்று வாதாடினார். ஆதார் வழக்கில்தான். 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உண்டு என்றார்கள். அதற்கும் ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆனது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தரவைத் தொடப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது, நல்லதுதான். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. மறுபடி அந்த ‘ஒழுங்கு’. தனியார் கம்பெனிக்கு வேலி போட்டவர்கள் தங்கள் பக்கம் மட்டும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

இதில் அடிபடுகிறவர் யார் என்றால் ஹவில்தார் மாமா மாதிரி ஆட்கள்தான். 2024 அக்டோபர் 27-இல் பிரதமர் வானொலியில் ‘டிஜிட்டல் கைது’ என்ற மோசடி பற்றி எச்சரித்தார். போலீஸ், சிபிஐ என்று சொல்லி வீடியோவில் கூப்பிடுவார்கள், சீருடையில் இருப்பார்கள், பின்னால் சுவரில் அரசுச் சின்னம் இருக்கும், உன் பேரில் வழக்கு, கேமராவை விட்டு நகராதே என்பார்கள், பயந்தவன் பணத்தைப் போட்டுவிடுவான். அதற்கு இரண்டு மாதம் முன்பே அப்படி ஓர் அழைப்பு மாமாவுக்கு வந்தது. அவர் ஏமாறவில்லை. ஆனால் அழைப்பு வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார் என்று அத்தை அழுதுகொண்டே சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் சீருடையைக் கண்டால் எழுந்து நின்ற உடம்பு. முக்கால் மணி நேரம் ஒரு திருடன் முன்னால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றிருக்கிறார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து போனைப் பிடுங்கினாள்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். கோடு போட்டுத் தேதி, நேரம், நம்பர், யார் என்று சொன்னான் என்று நாலு கட்டம். அழகான கையெழுத்து. ‘பேங்க்’ என்று இருக்கிறது, ‘சிபிஐ’, ‘மும்பை போலீஸ்’, ‘பென்ஷன் ஆபீஸ் - ஓ.டி.பி. கேட்டான்’, ‘கூரியர்’ என்று இருக்கிறது. பல பக்கங்களில் ‘கட்சி’ என்றும் இருக்கிறது. அதைத் தனிப் பட்டியலாக அவர் எழுதவில்லை. அவர் பேரும் வார்டும் தெரிந்து, அவர் கொடுக்காத நம்பரில் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள்.

போன நவம்பரில் நான் போனபோது உயிர்ச் சான்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எங்கும் போக வேண்டாம், கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும். மாமா சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து உட்கார்ந்திருந்தார். பேத்தி போனை நேரே பிடித்து, “கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா” என்றாள். சிமிட்டினார். ஏற்கவில்லை. மறுபடி சிமிட்டினார். கண்புரை எடுத்த கண், வெளிச்சத்தில் நீர் வழிந்தது. “வாசல்ல உக்காந்து பாக்கலாம்” என்று நாற்காலியைத் தூக்கிப் போட்டோம். எதிரே பூட்டிக் கிடக்கும் சொல்தா வீடு. நாலாவது தடவை பச்சைக் குறி வந்தது.

“ஒத்துக்கிட்டாங்களா?” என்றார்.

“ஒத்துக்கிட்டாங்க தாத்தா.”

அப்போதே போன் அடித்தது. புது நம்பர். பேத்தி எடுக்க வேண்டாம் என்றாள், அவர் எடுத்துக் காதில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு வைத்தார். நோட்டை மடியில் விரித்துத் தேதி எழுதினார், நேரம் எழுதினார், நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து எழுதினார். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“பேரு சரியா சொல்றான், வீட்டு நம்பர் சொல்றான், எந்த ரெஜிமென்ட்டுன்னும் சொல்றான்” என்றார். “யாருன்னு மட்டும் சொல்லல.”

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடினார்.